பின்கண்ணாடியில் ஒட்டிய வசனம்

போன ஆண்டு ஜூலை மாதம், ஓமன் நாட்டுப் பாலைவனச் சாலையில், உச்சிவெயிலில், ஐந்து வயது மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். கார் நின்றுவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லை. பிள்ளைக்கு உடம்பு கொதித்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் நர்ஸ். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

தேவபிள்ளைகளே, இது சாத்தான் செய்த வேலை என்று சொல்லமாட்டேன். எங்கள் முட்டாள்தனத்துக்கு அவன் உதவியே தேவைப்படவில்லை.

எனக்குத் திண்டிவனம், என் கணவர் சாமுவேலுக்கு விழுப்புரம். இருவருக்கும் அப்போது மஸ்கட்டில் வேலை. சலாலாவில் அந்த மாதம் சாரல் மழை பெய்யும். மகள் மழை பார்க்கவேண்டும் என்றாள். அவ்வளவு தூரம் போக மலிவாக ஒரு பழைய கார் தேடினோம். எங்கள் ஜெபக்குழுவில் ஒரு சகோதரர் விற்றார். பின்கண்ணாடி முழுக்கத் தமிழில் பெரிய எழுத்தில் வேத வசனம் ஒட்டியிருந்தது. மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று கேட்டேன்.

"நம்ம சபை ஆளு வண்டிம்மா. மெக்கானிக்க இட்டுக்கினு போயி நின்னா அவரு மனசு என்னாகும்?" என்றார் என் கணவர்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. ஏழு பேர் பானெட்டின் மேல் கைவைத்துக் கண்ணீரோடு ஜெபித்தோம். ஒருவருக்கும் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

வழியில் பெட்ரோல் போட நின்றோம். பக்கத்தில் ஒரு லாரி. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. டிரைவர் நெற்றி நிறைய விபூதி. எங்கள் வசனத்தைப் படித்துவிட்டு அருகில் வந்தார்.

"தமிழா? வண்டில சூட்டு வாடை வருதுங்க. ரேடியேட்டர பாத்துக்கினு போங்க."

நான் அந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். சிரித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து பானெட்டிலிருந்து புகை வந்தது. என் கணவர் இருந்த குடிதண்ணீரை எல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினார். அது அடியில் ஒழுகி மண்ணுக்குப் போனது. போனில் சிக்னல் இல்லை. கைகாட்டினோம், வண்டிகள் நிற்காமல் பறந்தன. பிள்ளை துவண்டாள். மண்ணில் முழங்கால் போட்டுக் கதறினேன்: "ஆண்டவரே, யாராவது ஒரு விசுவாசியை அனுப்பும்."

அந்த நிலையிலும் ஆள் எப்படி இருக்கவேண்டும் என்று கர்த்தருக்கே சொல்லிக்கொடுத்தேன் பாருங்கள். விசுவாசியைத்தான் அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தாரே, கார் விற்க.

அந்த லாரிதான் வந்து நின்றது. "அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

"கொழந்தைய ஜல்தி தூக்கிக்கினு வாங்க. ஏசி ஓடுது."

தன்னிடம் இருந்த தண்ணீர் கேனைத் திறந்தார். துண்டை நனைத்து நனைத்துப் பிள்ளைக்குப் போட்டேன், தலையில் ஊற்றினேன். லாரி ஆஸ்பத்திரி இருக்கும் ஊரை நெருங்கும்போது அவள் கண் திறந்தாள்.

"அம்மா, மழ வந்துடுச்சா?"

அன்றைக்கு அழுத அழுகை என் ஆயுசுக்கும் போதும்.

பிறகு அவரிடம் கேட்டேன், யாருமே நிற்காதபோது நீங்கள் மட்டும் ஏன் நின்றீர்கள் என்று.

"தூரத்துலயே பின்னாடி தமிழ் எழுத்து தெரிஞ்சுதும்மா. காலைல பாத்த நம்மூரு ஆளுங்கன்னு நிறுத்தினேன்."

அவர் விழுப்புரம் பக்கத்துத் திருவாமாத்தூர்க்காரர்.

காரைப் பழைய இரும்புக்குப் போடும்போது என் கணவர் அந்த ஸ்டிக்கரை உரித்தார். அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல். அதை மறைக்கத்தான் சகோதரர் வசனம் ஒட்டியிருக்கிறார். அந்த ஏமாற்று வேலையைக் கொண்டே ஆண்டவர் லாரியை நிறுத்தினார். சகோதரர் இன்றும் முன்வரிசையில் கை உயர்த்தி ஆராதிக்கிறாராம். அவரை மன்னித்துவிட்டேன். மதிப்பதாக இல்லை. பெட்ரோல் பங்க்கில் கண்ணாடியை ஏற்றினாளே ஒருத்தி, அவள்மேல் எனக்கு அதைவிட இளக்காரம்.

இப்போது ஊரோடு வந்துவிட்டோம். டிரைவர் அண்ணன் லீவில் வந்தால் திருவாமாத்தூர் போய் அவர் வீட்டில் சாப்பிடுகிறோம். திரும்பும்போது ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொடுத்து அனுப்புவார்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார். ஆள் யார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். நான் கேட்டது விசுவாசியை. ஆண்டவர் அந்த ஒரு வார்த்தையைக் கேளாததுபோல் விட்டதால்தான், இதோ, என் மகள் இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறாள்.