கரண்டி வரைந்த தாள்

ஆகஸ்டு ஒன்றாம் தேதித் தாளின் மூலையில் மாரிக்கனி ஒரு கரண்டி வரைந்துகொண்டிருந்தார். காம்பு தேவைக்கு மேல் நீண்டுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த சமையல் மாஸ்டர் தனுஷ்கோடி எட்டிப் பார்த்து, “எங்க கரண்டி இதவிடப் பெரிசு மேடம்” என்றார்.

“தாளுக்குள்ள அடங்கணும்லா மாஸ்டரே” என்றார் மாரிக்கனி, நிமிராமல்.

தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் சுவரில் தொங்குகிறது. அங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்பு பேசுவதும் முடிவு வந்த பிறகு பேசுவதும் மாரிக்கனியின் வேலை. மறுபடி வந்து சோதிக்க வேண்டியவர்களின் பெயரும் விலாசமும் பூட்டிய அலமாரியில் இருக்கும். காலண்டரில் படம் மட்டும். ஆடு வளர்ப்பவருக்கு ஆடு, மில்லில் வேலை பார்ப்பவருக்கு நூல் கோன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவருக்குத் தொப்பி. எந்தப் படம் யாருடையது என்று அவருக்கும் அந்த ஆளுக்கும்தான் தெரியும். உரிய நாளில் வந்து முடிவு கேட்டவர், தன் தாளைத் தானே கிழித்துக்கொண்டு போகலாம். வராதவரின் தாளை மேலே மடித்துக் கிளிப் போட்டு வைப்பார். படம் இல்லாத தாள்களை லேப் டெக்னீசியன் ஜெபின் காலையில் கிழித்து, டீ கிளாசுக்கு அடியில் போட்டுக்கொள்வார்.

மாரிக்கனிக்கு வயது ஐம்பத்திரண்டு. ராஜபாளையத்தில் வீடு, எட்டரை மணிப் பேருந்து. இந்த வேலைக்கு வருமுன் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஆறு வருடம் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புண் துடைத்து, கஞ்சி ஊட்டியவர். மாத்திரை எல்லோருக்கும் எட்டாத காலம் அது. இப்போதும் யாராவது அவர் முன்னால் அழ ஆரம்பித்தால் முதுகைத் தடவ மாட்டார். தண்ணீர் கொடுப்பார். குடித்து முடிக்கிறவரை காத்திருந்து, “சரி, நாளச் சொல்லுங்க. என்னைக்கு?” என்பார்.

அவருக்கு நாள்தான் வேண்டும். யாரோடு, ஏன் என்று கேட்பதில்லை. தேதி ஞாபகம் இல்லை என்பவர்களிடம், “அன்னைக்கு ஊர்ல என்ன விசேஷம்? மில்லுல எந்த ஷிப்டு? மழை உண்டா?” என்று வரிசையாகக் கேட்டு, அரை மணி நேரத்தில் தேதியைப் பிடித்துவிடுவார். அதிலிருந்து தொண்ணூறு எண்ணி, அந்தத் தாளில் படம் வரைவார்.

அறையில் ஒரு மின்விசிறி இருக்கிறது. சுற்றினால் நெல் அரைக்கிற மாதிரி சத்தம். பழுது பார்க்க வந்த எலெக்ட்ரீசியனை அவர் மூன்று தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். “அது கத்தட்டும். நீங்க டெலிவரி வார்டப் பாருங்க.” முடிவு சொல்லும்போது அதை முழு வேகத்தில் வைப்பார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களின் காதுக்கு உள்ளே பேசுவதில் ஒரு வார்த்தை போகாது. சீட்டு மட்டும் பறக்கும். அதற்கு ஒரு கல் வைத்திருக்கிறார்.

கடைத்தெருவில் அவருக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் உண்டு. தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிக்க மாட்டார். மையத்துக்கு வந்து போனவர் நேர் எதிரே வந்தால், அவருக்குப் பின்னால் இருக்கிற கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். அவராக வந்து பேசினால், கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பார். “அந்த அம்மாவுக்கு அம்புட்டு கிராக்கி” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

தனுஷ்கோடி வந்தது மே பன்னிரண்டாம் தேதி. கேரளப் பக்கம் ஒரு கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில், மே மூன்றாம் தேதி, குடித்துவிட்டு ஒரு தப்பு செய்திருந்தார். ஊர் திரும்பியவர் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று மனைவி மகாலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மகாலட்சுமி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தேவதானத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் மாஸ்டர் நாலாம் நாளே ஒரு தனியார் லேபில் சோதித்து, நெகட்டிவ் என்று வந்த சீட்டைக் கெட்டி பிளாஸ்டிக்கில் லேமினேட் போட்டு வைத்திருந்தார். அதைக் காட்டியும் மகாலட்சுமி நம்பவில்லை. பெரியாஸ்பத்திரியில் கேட்டு வா என்று அனுப்பியிருந்தார்.

மாரிக்கனி அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாருக்கு. வெயிலுக்கு விசிறிக்கிடலாம்.”

“மேடம்!”

“மூணு நாளைக்குள்ள இங்க வந்திருந்தா, கிருமி ஒட்டாம தடுக்க மாத்திரை இருந்துச்சு. எழுபத்திரண்டு மணி நேரம்தான் அதுக்குக் கெடு. நீங்க நாலாம் நாள் லேப்புக்குப் போயிருக்கீக, அஞ்சாம் நாள் லேமினேட் கடைக்குப் போயிருக்கீக. சரி, அது போச்சு. நூறு பேருக்குத் தயிர் வேணும்னா எப்பம் உறை ஊத்துவீக?”

மாஸ்டர் விழித்தார். “மொத நாள் சாயங்காலம்.”

“ஊத்திட்டு, செத்த நேரத்துல மூடியத் திறந்து பார்த்தா?”

“பாலாத்தான் இருக்கும்.”

“அப்ப உறை ஊத்தலைன்னு அர்த்தமா?”

மாஸ்டர் லேமினேட் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மின்விசிறி அரைத்துக்கொண்டிருந்தது.

“இங்க நாங்க பாக்கிற டெஸ்ட்டு கிருமியத் தேடாது. கிருமி உள்ள வந்தா உடம்பு அதுக்கு எதிரா ஒண்ண உண்டாக்கும். அதைத்தான் தேடும். அது உண்டாக ஒருத்தருக்கு மூணு வாரம் ஆகும், ஒருத்தருக்கு மூணு மாசம் ஆகும். அதுக்கு முந்தியே கண்டுபிடிக்கிற டெஸ்ட்டும் பெரிய ஊர்ல உண்டு. ஆனா எந்த டெஸ்ட்டுக்கும் நாலாம் நாள் ஒண்ணும் தெரியாது. உங்க சீட்டு பொய் சொல்லல. கேக்கக் கூடாத நேரத்துல கேட்டிருக்கீக.”

எல்லோருக்கும் தயிர் சொல்வதில்லை. விவசாயிக்கு நாற்று முளைக்கிற கணக்கு. செங்கல் சூளைக்காரருக்குக் கல் வேகிற கணக்கு. ஆளைப் பார்த்து, தொழிலைக் கேட்டு, அதிலிருந்து எடுப்பார். முதல் சோதனைக் கிட்டில் கோடு விழுந்தாலும் உடனே வாய் திறக்க மாட்டார். வேறு இரண்டு விதமான கிட்டிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் சொல்வார்.

அப்படிச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஆட்டுப் படத்துக்காரம்மா. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். பிளவக்கல் பக்கத்திலிருந்து வருகிறவர். மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஒரு மாத்திரை நாளையும் தவறவிட்டதில்லை. “தெரிஞ்சுட்டா வேலை நடந்துரும். தெரியாம திரியுததுதான் சள்ளை” என்பார் மாரிக்கனி. அவருடைய மேசை இழுப்பறையில் பதினோரு வருடத்துப் பழைய தாள் ஒன்று கிடக்கிறது. அதில் மண்வெட்டி வரைந்திருக்கிறது. முதல் சோதனையில் நெகட்டிவ் என்றதும் சந்தோஷமாகப் போனவர், இரண்டாவதுக்கு வரவேயில்லை. மேசை மாறியபோதும் அந்தத் தாள் கூடவே வந்தது.

அதனால்தான் கரண்டிக்காரரிடம் தேதியை மூன்று தடவை சொன்னார். தனிச் சீட்டில் எழுதித் தருகிறேன் என்றார். “சீட்டுன்னா அடுப்புல போயிரும் மேடம், இதுலயே எழுதுங்க, எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்” என்று மாஸ்டர் லேமினேட் சீட்டை நீட்டினார். பேனா வழுக்கியது. ஸ்கெட்ச் பேனாவால், ‘ஆகஸ்டு 1’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

ஜூன் பதினேழாம் தேதி காலையில் மாஸ்டர் வெள்ளை வேட்டி கட்டி வந்து நின்றார். பின்னால் மகாலட்சுமி. கையில் ஒரு வயர் கூடை, தோளில் துணி அடைத்த பை. சோதனை முடிந்து நல்ல பதில் வந்தால் அப்படியே தன் வீட்டுக்குப் போய்விடுவது என்று கிளம்பி வந்திருந்தார்.

மாரிக்கனி காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். கரண்டி எங்கோ அடியில் கிடந்தது.

“இன்னைக்கு எதுக்கு வந்தீக?”

“மூணு மாசம் ஆச்சுல்லா மேடம்?” மாஸ்டர் விரலை மடக்கினார். “சித்திரை, வைகாசி, ஆனி.”

“சித்திரை இருபதுல நடந்ததுக்கு முழுச் சித்திரையும் கணக்கா? இன்னைக்கு ஆனி மூணு. அதும் ஒரு மாசமா?”

“பிள்ளத்தாச்சிக்கு அப்படித்தான எண்ணுவாவ?”

“இவரு பிள்ளத்தாச்சிக்கு எண்ணுன லட்சணம் எனக்குத் தெரியாதாக்கும்” என்றார் மகாலட்சுமி. “ரெண்டாவது பிரசவத்துக்கு ஆட்டோ சொல்லிட்டு வந்தப்போ, பிள்ள பொறந்து முக்கா மணி நேரம்.”

லேமினேட் சீட்டு மேசைக்கு வந்தது. எழுதிய இடத்தில் நீலமாக ஒரு கறை மட்டும் இருந்தது. முப்பத்தாறு நாள் சட்டைப் பையில், அடுப்புச் சூட்டிலும் வியர்வையிலும் கிடந்து தேதி அழிந்துபோயிருந்தது. மாரிக்கனி அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“பிளாஸ்டிக்குல எழுதுனது என் தப்பு” என்றார். “இன்னைக்கும் ஒருக்கா பார்த்துருவோம். ஆனா இது பாதிக் கணக்குதான். இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு.”

பார்த்தார்கள். நெகட்டிவ். பெரும்பாலும் இந்நேரம் தெரிந்திருக்கும், இருந்தாலும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன் என்றார் மாரிக்கனி. மகாலட்சுமி தோள் பையைக் கீழே இறக்கவில்லை.

“அப்ப இன்னும் ஒன்றரை மாசம் நான் அங்கயே கிடக்கணுமா? பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பிள்ளைக ரெண்டு பஸ் மாறி வருது. எங்க மதினி நாளைக்கு நாலு தடவ ‘எப்பம் போற, எப்பம் போற’ங்கா. அவளுக்குக் காரணமும் சொல்ல முடியல. இனிமே ஒருக்கா போனா, நான் திரும்பி வரமாட்டேன் பாத்துக்கிடுங்க.”

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

“முதல்ல அங்க எதுக்குப் போனீக?” என்று கேட்டார் மாரிக்கனி. “கோவத்துலயா, பயத்துலயா?”

மகாலட்சுமி யோசித்தார். “கோவம் மூணு நாளுல போச்சு. இவராத்தான வந்து சொன்னாரு. பயந்தேன். ஒரே டம்ளரு, ஒரே கக்கூஸு. பிள்ளைகளுக்கு இவரு கையால உருட்டிக் குடுக்கணும்...”

மாரிக்கனி மின்விசிறியை இன்னும் ஒரு எண் கூட்டினார்.

“டம்ளர்ல வராது. தட்டுல வராது. கக்கூஸ்ல வராது. அவரு சமைச்சுப் போடுததுல வராது. நல்லா உருட்டிக் குடுக்கட்டும். படுக்கையிலதான் கவனம் வேணும். ஆகஸ்டு ஒண்ணு வரைக்கும் ஆணுறை இல்லாம கிட்ட சேர்க்கக் கூடாது. சேர்க்கவே பிடிக்கலையா, பாயத் தனியாப் போடுங்க. சவர பிளேடு தனி. ரத்ததானம் குடுக்கக் கூடாது. அம்புட்டுதான். இதுக்குப் போயி பிள்ளைகள ரெண்டு பஸ் ஏத்துவாகளா?”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

மகாலட்சுமி கணவரைத் திரும்பிப் பார்த்தார். “இத அன்னைக்கே கேட்டுட்டு வந்திருந்தா என்ன?”

“நீ சீட்டுதான கேட்ட” என்றார் மாஸ்டர் மெதுவாக.

மாரிக்கனிக்கு வாயில் வந்ததை விழுங்க வேண்டியிருந்தது. அன்று அவரும் சீட்டைப் பற்றித்தான் பேசினார்; வீட்டில் இருக்கிறவரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து, நாளைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக, “வீட்டுல யார் யார் இருக்கா?” என்று சேர்த்துக்கொண்டார்.

இம்முறை தேதியை மாஸ்டரிடம் கொடுக்கவில்லை. “உங்க வீட்டுக் காலண்டர்ல ஆகஸ்டு ஒண்ணுல ஒரு கரண்டி வரைஞ்சு வைங்க” என்று மகாலட்சுமியிடம் சொன்னார். “யார் பார்த்தாலும் அன்னைக்குப் பந்தி இருக்குன்னு நெனச்சுக்கிடுவாவ.” மகாலட்சுமி தலையாட்டிவிட்டு, துணிப்பையைக் கழற்றி மாஸ்டரின் தோளில் மாட்டினார். இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

ஆகஸ்டு முதல் தேதி அவர்கள் வந்தபோது, ஆடிப்பூரக் கூட்டத்துக்குக் கடை போட வந்தவர்களால் ரோடு அடைபட்டிருந்தது. ஜெபின் ரத்தம் எடுத்தார். அரை மணி நேரம். மின்விசிறி. நெகட்டிவ்; இந்தத் தடவை, முடிந்தது. மாஸ்டர் எழுந்து போய்க் காலண்டரில் தன் தாளைக் கிழித்தார். இழுத்த வேகத்தில் இரண்டாம் தேதியும் சேர்ந்து வந்துவிட்டது.

“என்ன மாஸ்டர், நாளைக்கு எங்களுக்கு லீவா?” என்றார் ஜெபின்.

“மேடம், இதையும் ஒரு லேமினேட்...” என்று ஆரம்பித்த மாஸ்டர், மகாலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆவணியில் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். மாரிக்கனி நாத்தனார் கனகலட்சுமியோடு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல இலையைத் தவிர எங்கும் பார்க்கவில்லை. ரசம் முடிந்து மோருக்கு வந்தபோது, பரிமாறுகிறவர்களை ஒதுக்கிவிட்டுச் சமையல் மாஸ்டரே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற இலைகளுக்கு மோர்தான் போனது. இவர் முன்னால் வந்து நின்ற வாளியில், கரண்டி நட்டால் நிற்கிற தயிர்.

“தயிர் போடட்டுமாம்மா?” என்றார் மாஸ்டர், முன்பின் பார்த்திராதவர் குரலில்.

“யாரு மதினி, தெரிஞ்சவுகளா?” என்று கனகலட்சுமி முழங்கையால் இடித்தார்.

“சமையல்காரவுக போல.”

மாரிக்கனி நிமிரவில்லை. வெள்ளைச் சோற்றை விரல்களால் விலக்கி நடுவில் ஒரு குழி பறித்தார். கரண்டி இறங்குவதற்குள், அந்தக் குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார்.