அஞ்சு பை பதினைந்து

கல்வராயன் மலைமேல் ஓர் அக்கா நடத்தும் இ-சேவைக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு. இரண்டிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். ஆன் செய்ததும் தானாக நெட்டை இணைக்க ஸ்கிரிப்ட் என்னும் குட்டி புரோகிராம் ஒன்றும் எழுதி வைத்திருந்தேன். பழையதில் அது சமர்த்தாக ஓடியது. புதியதில் கரண்ட் போய் வந்தால் நெட் வராது. மலையில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது.

உடனே எனக்குப் போன் வரும். கள்ளக்குறிச்சியில் இருந்தபடியே, இதை டைப் பண்ணுங்க, அதை டைப் பண்ணுங்க என்று எழுத்தெழுத்தாகச் சொல்வேன். கைரேகைக் கருவி புதியதில்தான் மாட்டியிருந்தது; பழையதை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. ஜனங்கள் காத்திருந்து சலித்து, கீழே சங்கராபுரத்துக்கு பஸ் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

"இன்னா தம்பி, உனக்கு போன் போட்டுக்கினே கெடந்தா நான் எப்ப வேல பாக்குறது? இந்த வாட்டியும் சரி ஆவலன்னா கடைய மூடிட்டு கரும்பு வெட்டப் போயிடுவேன்."

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று காலையே பைக்கில் மலை ஏறினேன்.

லினக்ஸை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அது மாறினால் சில சமயம் நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறிவிடும். கெர்னலின் பதிப்பு எண் பழையதில் 5.4, புதியதில் 5.15. கெர்னல் 5.4-ஐத் தாண்டியிருந்தால் புதுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று ஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தேன். வரி வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எரிச்சலில் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

பக்கத்தில் பழைய கம்ப்யூட்டரில் அக்கா ஒரு விவசாயிக்குப் பட்டா தேடிக்கொண்டிருந்தார். அந்த விவசாயி, "நம்முது அஞ்சு பை பதினஞ்சும்மா. அஞ்சு பை நாலெல்லாம் மேலயே போயிடுச்சி. இன்னும் கீழ போ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிலத்தின் சர்வே நம்பரில் 5/4-ஐத் தாண்டி ரொம்ப தூரம் போனால்தான் 5/15. கெர்னல் நம்பரும் அப்படியே. என் ஸ்கிரிப்ட்டோ அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு, 5.15 என்பது 5.4-ஐவிடக் கம்மி என்று முடிவுகட்டி, புது கம்ப்யூட்டரில் பழைய பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

கை பரபரத்தது. அதைத் திருத்துவதோடு நிற்க மனம் வரவில்லை. கெர்னலின் வயசை விசாரிக்கவே வேண்டாம், எந்த கார்டு மாட்டியிருக்கிறதோ அதன் பெயரையே கேட்டுக் கூப்பிடு என்று மொத்தமாக மாற்றி எழுதினேன். நானே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். இரண்டும் எழுந்து வரும்வரை கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டிலும் நெட் வந்தது. சந்தோஷத்தில் ரெண்டு டீ சேர்த்துக் குடித்தேன். அக்கா மட்டும், "பாக்கலாம்" என்றார்.

அடுத்த வாரம் நல்ல மழை. அக்காவின் நம்பரிலிருந்து போன். பைக் சாவியைத் தேடிக்கொண்டே எடுத்தேன்.

"கரண்டு போயிடுச்சி தம்பி. இப்பதான் வந்துது."

"நெட்டு?"

"அதுவும் வந்துடுச்சி. சும்மா சொல்லலாம்னு போட்டேன். வையி, ஆளுங்க நிக்கிறாங்க."