முள்வேலிக் கீறல் என்று எழுதியவரைத் தேடி ஜவ்வாது மலைக்கு

இது சுற்றுலா இல்லை. அருவிக்குப் போகவில்லை, படகில் ஏறவில்லை. ஆனாலும் கண்ணமங்கலத்திலிருந்து பேருந்திலேயே ஜவ்வாது மலைக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். கார்த்திகைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவோடு போய் வந்தேன். நேரமும் தூரமும் கீழே இருக்கின்றன. போன காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு நெற்களத்தைவிடச் சிறிய சாமைக் களத்தில் ஏன் ஐந்து மணி நேரத்தைக் கழித்தோம் என்பது புரியாது.

அப்பா பெயர் ஏழுமலை. முன்னாள் ராணுவ வீரர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர்தான். அதை ஒரு சேதியாக யாரும் நினைப்பதில்லை. வலது காலை லேசாக இழுத்து நடப்பார். டிராக்டரிலிருந்து விழுந்தது என்று சொல்லி என்னை வளர்த்திருந்தார்கள். இந்த வருடம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், உடம்புக்குள் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டார்கள். அப்பா கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார்.

எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மொச்சைக்கொட்டையைவிடச் சிறியது.

இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தபோது பாய்ந்த கண்ணிவெடிச் சில்லு. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. மருத்துவமனை நடைபாதையில், பத்து நிமிடத்தில், சொல்லி முடித்தார். திரும்பி வந்த காலத்தில் அந்தச் சண்டையைப் பற்றி ஊரில் யாரும் கேட்க விரும்பவில்லை. எதிரில் இருந்தவர்கள் பேசியதும் தமிழ். டிராக்டர் கதை சுலபமாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே பிடிவாதம். போரில் காயமடைந்தவர் என்று தன் பதிவேட்டில் ஒரு வரி ஏற வேண்டும். ஓய்வூதியம் கூடினால் சரி, கூடாவிட்டாலும் சரி, அந்த வரி வேண்டும். மனு போட்டோம். நான்கு மாதத்தில் பதில் வந்தது. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு நேரே இருந்தது இதுதான்: வலது தொடையில் முள்வேலிக் கீறல், மூன்று நாள் ஓய்வு. பதிந்தவர், நர்சிங் அசிஸ்டென்ட் வேடியப்பன். வேறு சாட்சியம் இருந்தால் இணைக்கலாம்.

வேடியப்பன் காவலூருக்கு அப்பால் ஒரு மலை ஊரில் விவசாயம் செய்கிறார் என்பதை அப்பா விசாரித்து அறிந்தார். சண்டை நேரத்து அவசரத்தில் அவர் மாற்றி எழுதிவிட்டார் என்று அப்பா சொன்னார். அதையே கண்ணமங்கலத்தில் மனுக்கள் தட்டச்சு செய்து தருகிற ஒருவரிடமும் சொன்னார். ஒரு பக்கத்தில் சாட்சி வாக்குமூலம் தயாராகிவிட்டது. வேடியப்பன் கையெழுத்து மட்டும் பாக்கி.

காலை 6.10, கண்ணமங்கலத்தில் போளூர் பேருந்து. 7.05க்குப் போளூர். அங்கே 7.40க்கு ஜமுனாமரத்தூர் பேருந்து. இரண்டு பேருந்துக்கும் சேர்த்து ஆளுக்கு அறுபது ரூபாய்க்குள் முடிந்தது. மலையேற்றம் தொடங்கும் வரை சமவெளி, பிறகு வளைவுகள். நடுவில் இருக்கிற இருக்கை நல்லது. பின் இருக்கை தூக்கிப் போடும். காலை நீட்ட வேண்டியவர்கள் நடைவழி ஓரமாக உட்காரலாம். நடத்துனர் தாண்டித் தாண்டிப் போவார், ஒன்றும் சொல்ல மாட்டார். அப்பா அப்படித்தான் உட்கார்ந்தார். தட்டச்சுத் தாள் ஒரு பிளாஸ்டிக் உறையில், மடியில்.

9.35க்கு ஜமுனாமரத்தூர். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மேலே குளிர் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. இட்லி சூடாகக் கிடைத்தது. என் கைபேசியில் சிக்னல் இங்கேயே போய்விட்டது.

காவலூர்ப் பக்கம் போகிற பேருந்து பதினொன்றரைக்குத்தான். ஆட்டோ பிடித்தோம். பதினாறு கிலோமீட்டர், நானூறு ரூபாய். ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் காவலூர் வானாய்வு மையத்துத் தொலைநோக்கியைப் பார்க்க வந்தவர்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

“பகல்ல போய் இன்னாத்தங்க பாக்கப் போறீங்க? அது ராத்திரி ஐட்டம்.”

அப்பா ஊர்ப் பெயரையும் வேடியப்பன் பெயரையும் சொன்னார்.

“பட்டாளத்து டாக்டரா? அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?”

அவர் டாக்டர் இல்லை, ஊசி போடுவதும் இல்லை. ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால், எந்த நேரத்தில் எவ்வளவு சூடு, என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை வாந்தி என்று ஒரு சீட்டில் எழுதிக் கீழே மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார். “அவரு சீட்டு இருந்தா மறுபேச்சு இல்லீங்க. ஒரு எழுத்து தப்பா இருக்காது” என்றார் ஓட்டுநர். அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலூரைத் தாண்டியதும் தார்ச்சாலையின் பாதியில் சாமைக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும். கார் ஓட்டி வருகிறவர்கள் ஒதுங்க வேண்டாம். ஏறித்தான் போக வேண்டும். ஒதுங்கிப் போனால் ஓரத்தில் நிற்கும் பெண்கள் திட்டுவார்கள். நாங்கள் ஏறிப் போனோம்.

10.30க்கு வேடியப்பன் வீடு. வீட்டில் யாரும் இல்லை. பின்னால் களத்தில் இருந்தார்கள், அவரும் அவர் மனைவி மல்லிகாவும். களத்தில் செருப்போடு கால் வைக்கக் கூடாது. அப்பாவின் வலது ஷூவுக்குள் அரை அங்குல அட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் இழுப்பு பாதி மறைந்துவிடும். ஓரத்தில் நின்று இரண்டு ஷூவையும் கழற்றினார். வெறுங்காலில் நடந்தார்.

வேடியப்பன் முறத்தைக் கீழே வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

“அந்தச் சில்லு இன்னும் உள்ளயே கீதா?”

முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு முதல் வாக்கியம்.

பிறகு கட்டிக்கொண்டார்கள். அப்பா அவரை ‘டாக்டர் சாப்’ என்று கூப்பிட்டார். பட்டாளத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மல்லிகா அத்தை என்னிடம் திரும்பி, “இத்தினி வருசம் கயிச்சு மாத்திரை வாங்கியாற அனுப்பினாங்களா உங்கப்பாவ?” என்றார். அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

வந்த விஷயம் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்கப்படவில்லை. யார் யார் இறந்துபோனார்கள், யாருக்குச் சர்க்கரை, யார் ஏ.டி.எம். காவலாளியாக இருக்கிறார் என்று பேச்சு ஓடியது. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. 12.40க்கு அப்பா உறையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பார்வை வேறு எங்கோ.

வேடியப்பன் கண்ணாடி போட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“அவசரத்துல தவறுதலா எழுதிட்டேன்னு போட்டுக்கீது. இத்த யாரு சொன்னது?”

அப்பா சொல்லித்தான் அடித்தார்கள் மாமா என்றேன் நான். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“ஏழுமல. நான் தவறுதலா எழுதல. தெரிஞ்சேதான் எழுதுனேன். யாரு எழுதச் சொன்னதுன்னு உம் பொண்ணாண்ட சொல்லு.”

களத்தில் கோழி ஒன்று சாமையைக் கொத்திக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

“நான்தான் கேட்டேன்” என்றார் அப்பா.

கேட்டது இது. பனங்காட்டுக்கு நடுவே ஒரு மண்பாதை. முன்னால் போனவர் கண்ணியை மிதித்தார். அவர் அங்கேயே இறந்துபோனார். பலமாக அடிபட்ட இருவரோடு மருத்துவ அதிகாரி ஹெலிகாப்டரில் போனார். அப்பாவின் தொடையிலிருந்து வேடியப்பன் ஐந்து சில்லுகளை எடுத்தார். ஆறாவது ஆழத்தில் இருந்தது, தொடவில்லை. வெடிகாயம் என்று பதிந்தால் அப்பாவையும் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், உடல்தகுதித் தரத்தைக் குறைப்பார்கள், ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். அடுத்த மாதம் நாயக் பதவி உயர்வுக்கான பயிற்சி. அது கை நழுவும். கீறல் என்று போடுண்ணே, காலில் விழுறேன் என்றார் அப்பா. வேடியப்பன் போட்டார். இருபது வருடச் சேவையில் அவர் பொய்யாகப் பதிந்த ஒரே வரி அது. அப்பா நாயக் ஆனார்.

“உனக்காகப் பொய் எழுதுனேன். அத்த நீ என் தப்புன்னு தாள்ல அடிச்சு, என் கையெழுத்தே கேக்குற” என்றார் வேடியப்பன். குரல் உயரவில்லை. நோயாளியின் சூட்டைச் சொல்வதுபோல் சொன்னார்.

நடந்தது நடந்தபடி எழுதித் தருகிறேன், அதில்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். அதை எழுதினால் அப்பாவின் மனுவே விழக்கூடும். காயத்தை மறைத்தது அவரே என்று ஆகும். பொய்ப் பதிவு செய்தவர் என்று வேடியப்பன் பெயரும் அதே தாளில் வரும். மல்லிகா அத்தை முதன்முறையாகக் குறுக்கிட்டார். “இவுருக்கு எதுனா ஆவுங்களா?”



“வேணாண்ணே. உட்டுடு” என்றார் அப்பா. “மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“நீ வாபஸ் வாங்குனா நான் எழுதுனது சரியாப் பூடுமா? பொண்ணு, வெள்ளத்தாள் கீதாம்மா?”

என் குறிப்பேட்டிலிருந்து நான்கு தாள் கிழித்துக் கொடுத்தேன். எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு இடத்தில் மட்டும் அடித்தல். அதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார். ஒன்றரைப் பக்கம். தேதி, இடம், எத்தனை சில்லு, எந்தக் கருவி. கடைசிக்கு முந்தைய வாக்கியம்: அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், தெரிந்தே, முள்வேலிக் கீறல் என்று பதிந்தேன். கடைசி வாக்கியம்: தவறு என்னுடையது.

அப்பா படித்தார். தவறு நம்ம ரெண்டு பேருடையதுன்னு மாத்துண்ணே என்றார்.

“அத்த நீ உன் தாள்ல எழுது.”

3.40க்கு அதே ஆட்டோ வந்தது. காலையிலேயே சொல்லி வைத்திருந்தோம். சொல்லி வையுங்கள், அங்கே திரும்ப வண்டி கிடைக்காது. 4.50க்கு ஜமுனாமரத்தூரில் போளூர் பேருந்து. இறக்கம் என்பதால் ஒன்றே முக்கால் மணி நேரம். வழியில் அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஒன்றுதான் இருந்தது: என்னிடமும் ஏன் தட்டச்சுக்காரரிடம் சொன்னதையே சொன்னார். டிராக்டர் பொய்யைக் கழற்றி எடுத்த இடத்தில் அவர் இன்னொரு பொய்யை மாட்டியிருந்தார். பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடியிருந்தார். வீடு சேர 8.15.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பேருந்து நேரங்கள் மாறும், போளூரில் முந்தின நாள் கேட்டுக்கொள்வது நல்லது. மதியம் காவலூர்ப் பக்கம் கடை அதிகம் இல்லை. தண்ணீரும் கொஞ்சம் தின்பண்டமும் எடுத்துச் செல்லுங்கள். கையில் சில்லறை வேண்டும். தொலைநோக்கியைப் பார்க்க வேண்டுமானால் எந்தக் கிழமை உள்ளே விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். சாமை வாங்க அறுவடை முடிந்த இந்தப் பருவம்தான் சரி. களத்தில் செருப்பைக் கழற்றுங்கள். சாட்சி தேடி யாராவது போவதாக இருந்தால், வாக்குமூலத்தை முன்கூட்டியே அடித்துக்கொண்டு போகாதீர்கள். அவர் என்ன நினைவு வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை வேடியப்பன் போளூருக்கு இறங்கி வந்து, நோட்டரி முன்னால் கையெழுத்திட்டார். வெள்ளை முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. அப்பா தன் பங்குக்கு ஒரு தாள் எழுதியிருந்தார், அரைப் பக்கம். எனக்குக் காட்டவில்லை, வேடியப்பனிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

புதன்கிழமை இரண்டையும் சேர்த்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுக்கப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையானவர். இரண்டு தாளையும் முழுக்கப் படித்தார். அப்பாவின் தாளில் ஒரு வரியின் மேல் பேனா முனையை வைத்து, “ஐயா, இது உங்களுக்கே எதிரா இருக்குதே. இந்தத் தாள் இல்லாமலும் மனு குடுக்கலாம்” என்றார். எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுக்கலாம் என்பதைத் தெரியப்படுத்தினார்.

அப்பா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் ஆறு பேர்.

“இருக்கட்டுங்க. ரெண்டும் ஒண்ணாவே போவட்டும்” என்றார்.

அந்தப் பெண் இரண்டையும் ஒரே ஊசியால் குத்தி, முத்திரை வைத்தார்.