விஜயதசமியன்று மாற்றிய விண்டோஸ்

என் வீட்டுக்காரர் கமலநாதனுக்கு ஒரு வேலையைத் தள்ளிப்போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கல்யாணத் தேதியையே மூன்று முறை தள்ளிவைத்த மனிதர். மலேசியாவில், கிள்ளானில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் இருபத்தோரு வருடமாகப் போட்டோக் கடை நடத்துகிறார். பாஸ்போர்ட் படம் எடுப்பது, இறந்தவர் படத்தைப் பெரிதாக்கிக் கோட்டு மாட்டிவிடுவது, தமிழ்ப் பத்திரிகைக்கு நினைவஞ்சலி தயாரித்து அனுப்புவது, இதுதான் பிழைப்பு. வாழ்நாளில் கோட்டுப் போட்டே பார்க்காத லோரி டிரைவர்கூட இவர் கையில் மாப்பிள்ளை ஆகிவிடுவார். யார் படத்தையும் அழிக்க மாட்டார். "என்னைக்காவது தேடி வருவாங்க, தனம்" என்பார்.

போன வருடம் பழைய விண்டோஸுக்கு அக்டோபரோடு பாதுகாப்பு நின்றுவிடும் என்று கணினித் திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. இவர் 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். தைப்பூசம் முடியட்டும் என்றார். அப்புறம் ஆடி மாதம், புதிதாக எதுவும் தொடங்கக்கூடாது என்றார். பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் நண்பர் பழனியப்பன்தான் ஒரு பென்டிரைவில் புது விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார். "பழைய மிஷின் பாஸ், நேரா ஏத்துக்காது. துடைச்சிட்டுத்தான் போடணும். முதல்ல படத்தையெல்லாம் காப்பி பண்ணிக்குங்க லா" என்று இரண்டு முறை சொன்னார்.

நாள் குறித்தது நான். புதிதாக எதைத் தொடங்கவும் விஜயதசமியைவிட நல்ல நாள் உண்டா? ஆயுத பூஜைக்குக் கணினிக்கும் கேமராவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மறுநாள் காலை இவர் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றத் தொடங்கினார். முடிய இன்னும் மூன்று மணி நேரம் என்று காட்டியது. நான் காலண்டரைப் பார்த்தேன். பதினொன்றே முக்காலோடு நல்ல நேரம் முடிகிறது.

"படமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே விண்டோஸ் இல்லாத தனிப் பகுதியிலதானே இருக்கு, அதுக்கு ஒன்னும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆரம்பிங்க. இதையும் தள்ளிப்போடாதீங்க" என்றேன்.

ஏற்றுவதைத் தொடக்கத்திலேயே நிறுத்தினார். எந்தப் பகுதியைத் துடைக்க வேண்டும் என்று திரை கேட்டது. நான் பின்னால் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் மனிதர் விண்டோஸ் பகுதியோடு படப் பகுதியையும் துடைத்துவிட்டார். பழனியப்பன் வந்து ஒரு வாரம் போராடினார். இருபத்தோரு வருடத்தில் கால்வாசிகூடத் திரும்பவில்லை.

அடுத்த வாரம் காப்பாரிலிருந்து பவுனம்மாள் அக்கா வந்தார். அவருடைய ஒரே மகன் ஜீவன், மோட்டார் விபத்தில் போய்ப் பதினொரு வருடம். வருடா வருடம் நினைவஞ்சலிக்கு அந்த ஒரே படம்தான். வீட்டில் இருந்த ஆல்பத்தை 2021 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு ஜீவனின் முகம் எங்கள் கணினியில் மட்டும்தான் இருந்தது; திரும்பக் கிடைத்தவற்றில் அது இல்லை. "புது சிஸ்டம்கா, இன்னும் செட் ஆகல" என்று நான் அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்துப் பஸ் ஏறி மறுபடியும் வந்தார். மறுபடியும் அதையே சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜீவனின் நினைவஞ்சலி வந்த, அதற்கு முந்தின வருடப் பத்திரிகைத் துண்டு ஒன்று கடையில் கிடந்தது. தபால்தலை அளவில் ஒரே புள்ளிகளாக இருந்தது. அதை ஏஐ-க்குக் கொடுத்து முகம் செய்யலாம் என்று யோசனை சொன்னவளும் நான்தான். இவர் மாட்டேன் என்றார். நானே என் போனில் செய்தேன். வழவழவென்று ஒரு அழகான பையன் வந்தான்.

மூன்றாம் முறை வந்தபோது அதைப் பிரிண்ட் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு இப்படியா இருந்துச்சு?"

"அதே படம்தான்கா. கிளியராக்கியிருக்கோம்."

"இடது புருவத்துல தழும்பு இருக்குமே. சைக்கிள்ல விழுந்தது." கட்டைவிரலால் புருவத்தைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "இல்ல, எனக்குத்தான் மறந்துபோச்சு. பெத்தவளுக்கே புள்ள மூஞ்சி மறந்துபோச்சு பாரு. என்ன பொம்பள நான்!" தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "பெருசா ஒன்னு போட்டுக் கொடு தங்கச்சி. தினம் பாத்தா மறக்காதுல்ல?"

எழுந்து பிரிண்டர் பக்கம் போனேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உள்ளேயிருந்து வந்த இவர் பிரிண்டரை அணைத்தார். "அக்கா, இது ஜீவன் இல்ல. மிஷின் வரைஞ்ச மூஞ்சி. உங்க படம் அழிஞ்சிபோச்சு. நான்தான் அழிச்சேன்."

வசவுக்குத் தயாராக நின்றோம். அக்கா இவரையே பார்த்தார்.

"அப்ப தழும்பு?"

"இருந்துச்சுக்கா. இடது புருவத்துல."

"அப்ப நான் மறக்கல!" அக்காவின் முகம் மலர்ந்தது. ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் மறக்கல லா தங்கச்சி, நல்லாத்தான் ஞாபகம் இருக்கு!"

என் கைகளை அவர் கொஞ்ச நேரம் விடவேயில்லை. பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்தது. பிடி தளர்ந்தது.

"அப்ப எம்புள்ள படம்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும், "நான்தான்கா அழிச்சேன்" என்றார். நான்தான் அவசரப்படுத்தினேன் என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.