சத்தம் போடாத சூப்பர்வைசர்

"இன்னா மேடம், இது லைனா, ஜெபக் கூட்டமா? நாலு சத்தம் போட்டாதான் பீஸ் ஏறும். இந்த வாரம் பாக்குறேன். முடியலன்னா பழையபடி மிஷின்ல உக்காந்துக்கோங்க."

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம், புதிதாக வந்த மேனேஜர் எல்லோர் முன்னாலும் இப்படிச் சொன்னார். உடைந்துபோனேன். பல வருஷம் மிஷினில் உட்கார்ந்து, வாங்காத திட்டெல்லாம் வாங்கிய பிறகு கிடைத்த பதவி அது. "லைன் என் கையில் வந்தால் யாரையும் அப்படிப் பேசமாட்டேன்" என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்தேன். பொருத்தனையைக் காப்பாற்றினால் பதவி போய்விடும் போலிருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், கத்துவதற்குச் சமையலறையில் பழகிக்கூடப் பார்த்தேன். "இன்னா, எலியா?" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அங்கேயே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இந்தக் குணம் நீர் கொடுத்தது. இதை வைத்தே என்னை நடத்தும். வெட்கப்பட விடாதேயும்."

வாரத்தின் கடைசி நாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். டார்கெட் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பேரணாம்பட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஷபானா எழுந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஊசி ஒடஞ்சிடுச்சி. முனைய காணோம்."

முனை கிடைக்காமல் ஒரு ஷூவும் வெளியே போகக் கூடாது. குழந்தைகள் போடுகிற ஷூ. பிஞ்சுக் காலில் குத்திவிடும். லைனை நிறுத்தினேன். மேனேஜர் முகம் சிவந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டேன். தேடினதும் ஜெபித்ததும் ஒன்றாகத்தான். ஷபானா அழுதாள். "அழாத கண்ணு, நல்ல காலம் சொன்ன" என்றேன். கடைசியில் ஒரு சின்ன ஷூவின் உள்துணி மடிப்பில் முனை கிடைத்தது. டார்கெட் போனது போனதுதான்.

"திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று மேனேஜர் போய்விட்டார். ஞாயிறு ஆராதனையில் விசுவாசத்தோடு பாடினேன். மத்தியானம் சோறுதான் இறங்கவில்லை.

திங்கட்கிழமை கூப்பிட்டார். "பக்கத்து லைன் சரக்கு செக்கிங்ல நின்னுடுச்சி மேடம். ரெண்டு ஷூல ஊசி முனை. திட்டு விழும்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்க லைன் பொண்ணு மட்டும் எப்படி தைரியமா வந்துச்சி?"

"சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன்னு அதுக்குத் தெரியும் சார்."

"நீங்க உங்க மாதிரியே இருங்க மேடம்" என்றார். ஊசி உடைந்தால் யாரையும் திட்டக் கூடாது என்று மற்ற சூப்பர்வைசர்களிடமும் அன்றே சொல்லிவிட்டார். பதவி நிலைத்தது. நான் பயந்த அதே குணத்தை வைத்தே ஆண்டவர் என்னைத் தாங்கினார். அவருக்கே நன்றி.

பிரியமானவர்களே, உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்களா? தப்பு நடந்தால் அவர்கள் உங்களிடம் ஓடி வருகிறார்களா, உங்களைப் பார்த்து ஒளிகிறார்களா? சீஷர்களின் கால்களைக் கழுவினவரிடம்தானே நாம் தவறும்போதெல்லாம் ஓடுகிறோம்? அவரை நம்பி, அவர் நம்மை நடத்துகிறபடியே அவர்களை நடத்துங்கள். உங்கள் வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.