அம்மா ஏறிய மலைப்பாதை

துபாயில், ஜெபல் அலி துறைமுகக் கிடங்கில் இன்று கண்டெய்னரிலிருந்து இறக்கிய பழைய இங்கிலீஷ் காரின் தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்த வாடை பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதே ஊரின் சத்வா பகுதியில், இப்போது இடித்துவிட்ட அப்பாவின் கராஜில், இதே வாடைக்குள், ஸ்பானர் விழும் சத்தத்துக்கும் கார்பரேட்டரின் இருமலுக்கும் நடுவேதான் நான் வளர்ந்தேன். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் அப்பா அப்படியொரு காரை மலைப்பாதையில் உச்சிவரை ஏறும் கார் பந்தயத்துக்கு ஓட்டிப்போவார். ஒரு பந்தயத்தன்று அவருக்குக் கை சுளுக்கிவிட, இங்கே நர்ஸாக இருந்த நாகர்கோவில்காரி அம்மா சாவியை எடுத்தாள்.

“வேண்டாம் மேரி, வளைவெல்லாம் மோசம்.”

“டியூட்டிக்கு தெனமும் நாந்தானே ஓட்டிட்டுப் போறேன்? சும்மா இரிங்க.”

கார் வளைவில் மறைந்தது. மேலே எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றதும் அப்பா செருப்பை விட்டுவிட்டு ஓடினார், பின்னால் நானும். உச்சியில் அம்மா முகம் சிவந்து பானட்டில் சாய்ந்து நின்றாள். மூச்சிரைத்த அப்பாவிடம் கேட்டாள்:

“இன்னொரு மட்டம் போயிட்டு வரட்டா?”