மல்லாட்டை மில்லில் ஒப்படைத்த துப்பாக்கி

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: தாத்தா வைத்திருந்த உரிமத் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைக்கப் போகிறேன், பஸ்ஸிலேயே கொண்டுபோய்விடலாமா? வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம். நான் ஒரு தடவை கொண்டுபோனேன். இன்னும் பஸ்ஸில் யாராவது நீளமாக எதையாவது சுற்றி எடுத்து வந்தால் இடம் மாறி உட்காருகிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். முகையூர் பக்கம் என் மாமனார் நாலு ஏக்கரில் மல்லாட்டை போட்டிருந்தார். ஊர்ப்பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். காட்டுப்பன்றியை விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்தவர், மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். உரிமமும் அவரோடு முடிந்தது. காரியம் முடிந்து இரண்டு நாளுக்குள் திண்டிவனத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றில் ஒப்படைத்து ரசீது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வீட்டு ஆட்கள் மேல் கேஸ் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் நாலு எழுத்து படித்த மாப்பிள்ளை நான்தான். விழுப்புரத்தில் அரசாங்க குமாஸ்தா வேலை. மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு சரவெடி கொளுத்தக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான்.

காரியத்தன்று படையலில் மாமனாரின் படத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியையும் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருந்தார்கள். மறுநாள் என் மனைவியின் தம்பி ஏழுமலை அதை அப்படியே சாக்கில் சுற்றிக் கட்டினான். சாக்கு போதாமல் குழல் முனை ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தோட்டா இல்லையே என்று மூன்று தடவை கேட்டேன். "காலிதான் மாமா. தோட்டா மொத்தமும் இந்தப் பையில கீது, பாருங்க" என்று துணிப்பையைக் குலுக்கிக் காட்டினான்.

விழுப்புரத்தில் காலை 9.10க்கு பஸ். திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு. எனக்கு மூன்று பேர் சீட்டில் ஓர இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை, பச்சை கவுன். துப்பாக்கியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். ஏழுமலை பின்னால் நின்றான்.

விக்கிரவாண்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் கொடுத்த தாள் சட்டைப் பையில் இருந்ததுதான். ஆனால் அதில் என் பெயர் இல்லை, செத்தவர் பெயர்தான் இருந்தது. கைது, கேஸ், வேலை போச்சு என்று வரிசையாக மனதில் ஓடியது. அந்த நேரம் பார்த்துத்தானா கண்டக்டர், சாக்கில் என்ன சார் என்று கேட்க வேண்டும்? பம்புசெட் பைப்பு என்றேன். ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

பைப்பு என்ற வார்த்தை குழந்தையின் காதில் விழுந்திருக்கிறது. எட்டிக் குழல் முனையைப் பிடித்து, வாயை வைத்து, "ஊ..." என்று ஊதியது. பஸ்ஸே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் குழந்தைக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது எனக்கு. குழலை அதன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்து, "இன்னொரு தடவை ஊது பாப்பா" என்றேன். கூட்டேரிப்பட்டில் போலீஸ்காரர்கள் இறங்கும்வரை ஊதிக்கொண்டே வந்தது.

10.25க்குத் திண்டிவனம். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு காலத்தில் மல்லாட்டை எண்ணெய் ஆட்டிய மில் அது. சுவர் இரண்டு முழ கனம், ஜன்னல்களெல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில். திருடன் நுழைய முடியாத கட்டடம் என்று மூன்று துப்பாக்கி வியாபாரிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மூட்டை அடுக்கிய இடத்தில் வரிசையாகத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயர் எழுதிய அட்டை. பாதிப் பெயர்கள் செத்துப்போனவர்களுடையவை. புண்ணாக்கு வாசனை மட்டும் போகவில்லை. எனக்கு உள்ளே காலெடுத்து வைக்கவே பிடிக்கவில்லை.

வாசலை ஒட்டி, பழைய இன்ஜின் இருந்த குழியில் ஆற்று மணலைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். வருகிற துப்பாக்கி எதுவானாலும் குழலை மணலுக்குள் குத்திவைத்துத் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே போகும். காலிதான் என்று நானும் சொன்னேன். கடைக்காரர், ஐம்பது வயது மனிதர், சாக்கை அவிழ்த்தார். பூச்சரத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குழலை மணலில் வைத்து மடக்கித் திறந்தார்.

உள்ளே சிவப்பாக ஒரு தோட்டா உட்கார்ந்திருந்தது.

அவர் அதை உருவி, பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது. "இதெல்லாம் காலின்னு சொல்லிக்கினு வந்தவங்க எடுத்தாந்ததுதான் சார். குதிரை மேல ஒரு அடி பட்டிருந்தா போதும்" என்றார். குதிரை என்றால் குழலுக்குப் பின்னால், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல். பஸ்ஸில் அதுதான் என் முழங்கால்களுக்குக் கீழே, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன் சீட்டுக் கம்பியில் இடித்துக்கொண்டு வந்தது.

ஏழுமலை மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். "பன்னி வர்ற காலத்துல அப்பா எப்பவும் ஒண்ணு போட்டுத்தான் வெச்சிருப்பாரு மாமா. எனக்குத் தெரியும். படையல்ல வெச்சிட்டமே, குங்குமத்தக் கலைச்சி அதத் தொறக்க மனசு வர்ல" என்றான். மில் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். ரசீது வாங்கியதும் பஸ் நிலையத்துக்கு ஓடி, பச்சை கவுனைத் தேடினேன். கண்டுபிடித்து என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது.

அந்த மில் இப்போது இல்லை, தேடிப் போகாதீர்கள். துப்பாக்கியை நீங்கள் தொடாமல், காவல் நிலையத்தில் சொல்லி, விவரம் தெரிந்தவரை வீட்டுக்கு வரவழையுங்கள். வைத்திருந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், மேலே சந்தனமே இருந்தாலும், திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரசீதை மாமியாரிடம் கொடுத்தோம். தோட்டாவைப் பற்றி அந்த வீட்டில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாப்பாவுக்கு இப்போது நாற்பது வயதாவது ஆகியிருக்கும். தோட்டாவை உள்ளேயே விட்டுவைத்தது ஏழுமலைதான். ஆனால் பைப்பு என்று சொன்னது நான். இன்னொரு தடவை ஊது என்று சொன்னதும் நான்.